நினைவையும் கவனத்தையும் கைபேசி எப்படி அளக்கிறது?

நினைவும் கவனமும் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும். தூக்கக் குறைவு, களைப்பு, கவலை எல்லாம் அவற்றை அசைக்கும். ஆகவே மருத்துவமனையில் ஒருமுறை வைக்கும் சோதனை அந்த வேளையின் நிலையைத்தான் காட்டும். கைபேசியோ சின்னச் சின்னப் பணிகளை நாளுக்குப் பலமுறை தருகிறது. திரையில் சில புள்ளிகள் தோன்றி மறையும். இடையில் வேறொரு வேலை. பிறகு புள்ளிகள் இருந்த இடங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும். 2018இல் வெளியான ஆய்வில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியினர் 14 நாள் இப்படிச் செய்தனர். தனித்தனி மதிப்பெண்கள் தடுமாறின. சராசரி உறுதியாக நின்றது.

கேரளத்தின் தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலும் சித்தூர்ப் பக்கத்திலும் வாழும் தமிழருக்கு இந்தக் கைபேசிச் சோதனையை அப்படியே கொடுத்துவிட முடியாது. பள்ளிக்கூடம் போகாத மூதாட்டி எழுத்துக் கேள்வியில் தடுமாறினால் அதுவே மறதி நோய் என்று ஆகிவிடாது. அரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக 1990களில் உருவான இந்தி மனநிலைச் சோதனை இதற்கு நல்ல முன்மாதிரி: வாக்கியம் எழுதச் சொல்லாமல், வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னது. இங்கே பேச்சுத் தமிழில் ஒலிக்கும் கேள்விகள் வேண்டும். கருவியிலும் சிக்கல் உண்டு: ஈர விரலைத் தொடுதிரை சரியாக உணராது; தொடுகையைப் பதியும் வேகமும் கைபேசிக்குக் கைபேசி மாறும். எனவே வேகத்தை அளக்கும்போது, ஒருவரை அதே கருவியில் அவருடைய முந்தைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதே நியாயம்; பழக்கத்தால் கூடும் மதிப்பெண்ணையும் அதில் கழிக்க வேண்டும்.