வகுப்பில் ஒரு தும்மல்... வீட்டில் நாலு ஜுரம்!

"காலையில உடம்பு லேசா சுட்டதுக்கா. பாராசிட்டமால் சிரப் ஒரு மூடி கொடுத்து அனுப்பிட்டேன். இன்னிக்கு டெஸ்ட் வேற. எனக்கும் ஆபீஸ்ல லீவு இல்லே..."

எங்கள் அடுத்த வீட்டுப் பெண் இப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. வேலைக்குப் போகிற தாயின் சங்கடம் எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் அந்த ஒரு மூடி மருந்து என்ன செய்கிறது என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். அது ஜுரத்தைத்தான் நாலு மணி, ஆறு மணி நேரம் அமுக்கி வைக்கிறது. கிருமியை ஒன்றும் செய்வதில்லை. எட்டு மணிக்கு மருந்து குடித்த குழந்தை பன்னிரண்டு மணி வரை கலகலவென்று இருக்கும். பக்கத்துப் பெஞ்சுக் குழந்தையோடு ஒரே தண்ணீர் பாட்டிலில் குடிக்கும், டிபன் டப்பாவைப் பங்கு போட்டுக்கொள்ளும். மத்தியானம் மறுபடி உடம்பு கொதிக்கும்போது பள்ளியிலிருந்து போன் வரும். அதற்குள் வகுப்பில் பாதிப் பேருக்கு விநியோகம் ஆகியிருக்கும்!

நான் சொல்வது சாதாரண ஜலதோஷத்தை அல்ல, ஃப்ளூ என்கிற இன்ஃப்ளூயன்சாவை. இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்று எங்கள் குழந்தை டாக்டரைக் கேட்டேன். "ஜலதோஷம் மெள்ள மூக்கில் ஆரம்பிக்கும்மா. ஃப்ளூ திடீர்னு வரும். காலையில் ஓடி விளையாடின குழந்தை சாயந்திரம் உடம்பெல்லாம் வலிக்குதுன்னு சுருண்டு படுத்துடும்" என்றார். கிருமி உடம்பில் நுழைந்து சாதாரணமாக இரண்டு நாளில் ஜுரம் வருகிறது. ஆனால் ஜுரம் வருவதற்கு ஒரு நாள் முன்பே குழந்தை அதைப் பரப்ப ஆரம்பித்துவிடுகிறது. பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பும். சின்னக் குழந்தைகள் இன்னும் கூடுதலாகவே. பள்ளிக்கூடத்தில் இது காட்டுத்தீ மாதிரி பரவுவதில் ஆச்சரியம் என்ன?

2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது புனேயில் பள்ளிகளை மூடினார்கள். நம் பக்கத்திலேயே 2023 மார்ச்சில் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை 16-ம் தேதி முதல் 26-ம் தேதி வரை விடுமுறை விட்டார்கள். அதுவும் ஃப்ளூதான். எச்3என்2 என்ற வகை.

பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரத்தில் எழுந்து ஓடிவிடும். கவலை அதுகளைப் பற்றி மட்டும் அல்ல. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடும் மாமியார், ஆஸ்துமாவில் இழுக்கும் மாமனார், முழுகாமல் இருக்கும் நாத்தனார், தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை. ஃப்ளூ நிமோனியாவாகி உயிரோடு விளையாடுவது இவர்களிடம்தான்.

இந்த விஷயத்தில் ஜப்பான்காரர்களின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1957-ல் 'ஆசிய ஃப்ளூ' உலகத்தையே ஆட்டி வைத்த பிறகு, 1962-ல் அங்கே பள்ளிக் குழந்தைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 1977-ல் சட்டப்படி கட்டாயம் ஆக்கினார்கள். அப்புறம் பெற்றோருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மயெபாஷி என்ற ஊரில் 1979-ல் ஊசி போட்டபின் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்ததும், அந்த ஊரில் நிறுத்தியே விட்டார்கள். 1987-ல் வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றார்கள். 1994-ல் பள்ளித் திட்டமே நின்றது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை... இல்லை, வேதனை! ஜப்பானிய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அத்தனை வருஷத்து மரணக் கணக்குகளையும் எடுத்துப் பார்த்து 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் வருஷத்துக்கு 37,000 முதல் 49,000 சாவுகள் வரை தடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அவர்கள் மதிப்பீடு. ஏறக்குறைய 420 குழந்தைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர். தப்பியவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் அல்ல, வயதானவர்கள்! ஊசி நின்ற பிறகு குளிர்காலச் சாவுகள் மறுபடி ஏறின. இந்தக் கணக்கை எல்லா நிபுணர்களும் அப்படியே ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பேரனுக்குப் போட்ட ஊசி பாட்டியைக் காப்பாற்றும் என்பது எனக்கு ரொம்பவும் நியாயமாகப் படுகிறது. வீட்டுக்குள் ஃப்ளூவைக் கொண்டு வருகிறவன் அவன்தானே! பிரிட்டனில் 2013 முதல் குழந்தைகளுக்கு ஊசிகூட இல்லாமல் மூக்கில் மருந்தைப் பீய்ச்சுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நர்சுகள் பள்ளிக்கே வந்து போடுகிறார்கள்.

நம் ஊரில் பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். ஃப்ளூ ஊசி அந்த அரசாங்கப் பட்டியலில் இல்லை. நாமேதான் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் ஃபீஸோடு சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் வருஷா வருஷம் என்றால் யோசிக்கத்தான் தோன்றும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில் ஆஸ்துமா, இருதயக் கோளாறு போன்றவை உள்ள குழந்தைகளுக்கு அவசியம். பணம் ஒருவருக்குத்தான் கட்டுப்படியாகும் என்றால் யாருக்கு முதலில் என்பதை டாக்டரிடமே மனம் விட்டுக் கேளுங்கள். சில வீடுகளில் குழந்தையைவிடத் தாத்தாவுக்கு அவசரமாக இருக்கலாம்.

"ஊசி போட்டா ஃப்ளூவே வந்துடுமாமே?" வராது. ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி. கை வலிக்கும், ஒன்றிரண்டு நாள் உடம்பு லேசாகச் சுடலாம், அவ்வளவுதான். "போட்டும் வந்துதே!" வரலாம். நல்ல வருஷத்திலேயே இது நூற்றுக்கு 40 முதல் 60 பங்குதான் தடுக்கும். ஆனால் வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போகிற ஆபத்து குறைகிறது. "அதில் முட்டை சேர்த்திருக்காமே?" இதைச் சைவக் குடும்பங்களில் மெல்லிய குரலில் என்னிடம் கேட்காதவர்கள் கிடையாது! உண்மைதான். பெரும்பாலான ஃப்ளூ தடுப்பு மருந்துகளில் கிருமியைக் கோழி முட்டைக்குள் வளர்த்து, பிறகு சுத்திகரித்து எடுக்கிறார்கள். ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மனம். என் மாமியார், "மருந்துக்கு ஏதுடி ஆசாரம்!" என்று கையை நீட்டிவிட்டார்.

2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அன்றைக்குக் குழந்தையைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் எத்தனை! தடுப்பூசி பற்றிச் சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்கலாமே, செல்போனைக் கேட்பானேன்?

ஊசி போட முடியாதவர்கள் என்ன செய்வது? ஜுரம் வந்த குழந்தையை, மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் ஜுரம் இல்லை என்ற பிறகுதான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இது ஒன்றே பாதி வேலை. இதற்கு முதல் எதிரி எது தெரியுமா? 'நூறு சதவீத வருகைப் பரிசு'தான்! பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "அப்புறம் எல்லாரும் லீவு போட்டுடுவாங்களே மேடம்" என்று சிரித்தார். நானும் விடவில்லை. கடைசியில், டாக்டர் சீட்டு கொண்டு வந்தால் அந்த நாட்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். உங்கள் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள். அப்படியே குழாயடியில் சோப்பு இருக்கிறதா, வகுப்பு ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்.கே.ஜி. குழந்தையின் சட்டையில் குத்தி அனுப்புகிறோமே கைக்குட்டை, அதை ஈரத்தோடு நாள் முழுக்கத் தொடுவதால் கைக்கெல்லாம் கிருமிதான். இரண்டாகக் கொடுத்தனுப்புங்கள். தும்மல் வந்தால் உள்ளங்கையை அல்ல, முழங்கை மடிப்பை மூக்கருகே கொண்டு போகச் சொல்லிக் கொடுங்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டு இருபது எண்ணும் வரை கை கழுவட்டும்.

வீட்டில் படுத்திருக்கும் குழந்தைக்குக் கஞ்சி, மிளகு ரசம், இளநீர் எல்லாம் கொடுக்கலாம். தேன் ஒரு வயதுக்கு மேல்தான். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. ஃப்ளூவில் ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் 'ரை சிண்ட்ரோம்' வரலாம். மிச்சம் வைத்த பழைய ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், வைரஸை அது தொடாது. மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே குழிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எட்டு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலோ, ஜுரம் விட்டு மறுபடி இருமலோடு வந்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃப்ளூவுக்கென்று இருக்கும் மருந்து, முதல் 48 மணி நேரத்தில் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆகையால் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் 'நாளைக்குப் பார்க்கலாம்' வேண்டாம்.

ஊசி போடுவதாக முடிவு செய்தவர்கள் ஐப்பசி மழை பிடிக்கும் வரை காத்திருக்காதீர்கள். போட்ட பிறகு பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முதல் தடவை என்றால், நாலு வாரம் இடைவெளி விட்டு இரண்டு ஊசி. அடுத்த வருஷத்திலிருந்து ஒன்று போதும். கிருமி வருஷத்துக்கு வருஷம் வேஷம் மாற்றுவதால் மருந்தையும் மாற்றுகிறார்கள். எனவே டாக்டர் பெட்டியைத் திறக்கும்போது, "இது இந்த வருஷத்து மருந்துதானே, டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.