கைதியும் கனவானும்

சார்லி சாப்ளின் 1917-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் எடுத்த 'தி அட்வென்சரர்' என்னும் பேசாப் படம், சிரித்துவிட்டு மறந்துபோகத்தக்க வெறுங் கூத்தன்று. மனிதனை உலகம் எதைக் கொண்டு மதிக்கிறது என்னும் கேள்வி அதனுள் பொதிந்து கிடக்கிறது.

சிறையினின்று தப்பிய கைதி ஒருவன் கடற்கரை மணலுக்குள்ளிருந்து தலையை நீட்டுகிறான். அருகே துப்பாக்கியுடன் காவலாளி! ஓடிக் கடலில் பாய்ந்து தப்புகிறான். பின்னர், நீரில் மூழ்கிய சீமாட்டியையும் அவள் மகளையும் கரை சேர்க்கிறான். உடனே செல்வர் மாளிகையில் உபசாரம். கண் விழித்தால், உடம்பிலே கோடு போட்ட இரவுடை. தலைமாட்டிலே கட்டிற் கம்பிகள். மறுபடியும் சிறையோ என்று திடுக்கிடுகிறான்.

விருந்தில் அவன் நழுவவிட்ட ஐஸ்கிரீம் ஒரு சீமாட்டியின் முதுகுக்குள் விழுகிறது. தரை துடைக்கும் ஏழைப் பெண்ணின்மேல் அது விழுந்திருந்தால் ஜனங்கள் சிரித்திரார், இரங்கியிருப்பர் என்று சாப்ளினே 1918-இல் எழுதினார். எத்தனை உண்மை! எளியோர் துன்பம் நகைப்புக்குரியதன்று. செருக்கின் சறுக்கலே நகைப்புக்குரியது.

பத்திரிகையில் கைதியின் படத்தைக் கண்ட போட்டிக் காதலன் காவலருக்குச் செய்தி அனுப்புகிறான். உபசாரம் போய் வேட்டை தொடங்குகிறது. உயிர் காத்த கைகள் அவையேதாம். மாறியது உலகத்தார் பார்வை ஒன்றே.

முடிவில் காவலாளி பிடித்துவிடுகிறான். கைதியோ அந்த மங்கையை அவனுக்கு அறிமுகம் செய்கிறான். சீமாட்டிக்கு மரியாதை செய்யக் காவலாளி கையை எடுக்கிறான், கைதி ஓடிவிடுகிறான். அந்தஸ்தைக் கண்டதும் சட்டத்தின் பிடியும் தளர்கிறதென்பதை இதனினும் தெளிவாக எந்தப் பிரசங்கி உரைக்க வல்லான்?