அழகைக் குறைத்துவிட்டு ஆடுவது ஏன்?

பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தைப் போனில் விளையாடும் கல்லூரி மாணவர் யாரிடமாவது போனை வாங்கி, கிராபிக்ஸ் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். புல்லும் நிழலும் பளிச்சென்று தெரிகிற வசதிகள் இருந்தும், பலர் வைத்திருப்பது ‘ஸ்மூத்’, அதாவது எளிய காட்சி. பக்கத்தில் ஃபிரேம் ரேட் மட்டும் ‘எக்ஸ்ட்ரீம்’. காசு கொட்டி நல்ல போன் வாங்கிவிட்டு, படத்தின் அழகைத் தாங்களே குறைத்துக்கொள்வது ஏன்?

விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. சினிமாவைப் போல எடுத்துவைத்த படம் ஆட்டத்தில் ஓடுவதில்லை. விரல் போகிற போக்குக்கு ஏற்ப ஒவ்வொரு ஃபிரேமும் அப்போதைக்கப்போது வரையப்படுகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒன்றை வரைய சிப்புக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. மரத்துக்கு இலை, தண்ணீரில் பிம்பம் என்று வேலை ஏற ஏற அந்த நேரம் போதாது. போன் சூடாகும், ஃபிரேம் குறையும், பட்டனை அழுத்தியதற்கும் குண்டு பாய்வதற்கும் நடுவே இடைவெளி விழும். எதிரி நேரெதிரே நிற்கும்போது, உயிர் போவது அந்த இடைவெளியில்தான்.

அழகா, ஆட்டமா என்ற இந்த இழுபறி இன்று வந்ததல்ல. 1989-இல் நிண்டெண்டோ வெளியிட்ட கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட, பச்சை பூத்த திரை. நாலே நாலு சாயல்கள். பின்னொளி இல்லாததால் இருட்டில் ஆட முடியாது. மறு ஆண்டே செகாவின் கேம் கியர் வண்ணமும் பின்னொளியுமாக வந்தது. ஆனால் ஆறு பேட்டரி போட்டாலும் ஐந்து மணி நேரம் தாங்குவதே பெரிது. கேம் பாயோ நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. பழகிய, விலை மலிந்த தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்து என்பதுதான் அதை உருவாக்கிய குன்பெய் யோகோயின் கொள்கை.

அமெரிக்காவில் கேம் பாயுடன் சேர்த்தே கொடுத்த ஆட்டம் டெட்ரிஸ். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதிய கணினியில் படம் வரையவே வழியில்லை. அடைப்புக்குறிகளையே கட்டங்களாக அடுக்கினார். மேலிருந்து விழும் ஏழு வகைத் துண்டுகளை இடுக்கில் பொருத்த வண்ணம் எதற்கு? கேம் பாய், பின்னால் வந்த தன் வண்ண வாரிசையும் சேர்த்து, 11.8 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் சுமார் 1 கோடி.

அப்படியானால் கிராபிக்ஸ் வெறும் மேல்பூச்சா? 1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64-இல் மாரியோ குதிக்கும்போது தரையைக் கவனியுங்கள். வெளிச்சம் எந்தத் திசையில் இருந்தாலும் அவன் நிழல் நேர் கீழேதான் விழும். அறிவியல்படி அது தப்பு. ஆனால் கால் எங்கே பதியப்போகிறது என்று ஆடுபவருக்குக் காட்டுவது அந்தத் தப்பான நிழல்தான். அதை எடுத்துவிட்டால் பாதித் தாவல்கள் பள்ளத்தில் முடியும். படம் கைக்கு வழிகாட்டும் இடத்தில் கிராபிக்ஸ் வேறு, ஆட்டம் வேறு என்று பிரிக்க முடியாது.

‘ஸ்மூத்’ வைத்து ஆடும் அதே மாணவர், கம்ப்யூட்டரில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐத் திறந்து பனிமலையில் குதிரையை விட்டால், செட்டிங்ஸைக் கூட்டத்தான் பார்ப்பார். அங்கே நின்று சுற்றிப் பார்ப்பதும் ஆட்டத்தில் சேர்த்தி.