வேலிக்கால் நெடுநாள் நிற்க

தோட்டத்து வேலியில் சாய்ந்து கிடக்கும் பழைய மரக்கால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மேற்பகுதி உறுதியாகவே இருக்கும். ஆழப் புதைந்த அடிமுனையும் பெரும்பாலும் அவ்வளவு கெட்டிராது. மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் அளவுதான் இற்று நொறுங்கியிருக்கும். அந்த ஒரு சாண் கெட்டதால் வேலி விழுகிறது. வேலி விழுந்த இரவில் மாடு புகுந்து, பல மாத உழைப்பை மேய்ந்துவிடுகிறது.

காரணம் என்ன? மரத்தை இறச்செய்பவை காளான் இனத்தைச் சேர்ந்த பூஞ்சைகள். அவை வாழ ஈரமும் வேண்டும், பிராணவாயுவும் வேண்டும். மண்ணுக்கு மேலே காற்று உண்டு. ஆனால் வெயிலில் ஈரம் நில்லாது. ஆழத்தில் ஈரம் உண்டு; ஆனால் காற்றுக் குறைவு. இரண்டும் ஒருங்கே கூடுமிடம் மண்மட்டமே. எனவே வேலிக்காலைக் காப்பது என்பது, பெரும்பாலும் இந்த ஒரு சாணைக் காப்பதேயாகும்.

முதலில் மரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மரத்தின் உட்பகுதியை வைரம் என்றும், வெளிப்பகுதியை வெளிறு என்றும் கூறுவர். தேக்கின் வைரம் இயல்பாகவே பூஞ்சையையும் கறையானையும் எதிர்த்து நிற்கும். வெளிறுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆனால் காப்பு மருந்தை உறிஞ்சுவதில் வெளிறே முந்துகிறது. ஆகவே மலிவான மரமும் மருந்தேறினால் நெடுநாள் உழைக்கும்.

அத்தகைய மருந்துகளுள் புகழ்பெற்ற ஒன்றை 1933ஆம் ஆண்டில் கண்டவர் காமேசம் என்னும் இந்திய அறிஞர். செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்து அது. செம்பு பூஞ்சையைத் தடுக்கும்; ஆர்சனிக் பூச்சிகளைத் தடுக்கும்; குரோமியம் அவ்விரண்டையும் மழையில் எளிதில் கரையாதவாறு மரத்தோடு பிணைக்கும். ஆர்சனிக் நஞ்சாதலால், அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு உபயோக மரங்களில் பெரும்பாலும் இதனைக் கைவிட்டனர். இம்மருந்தேறிய மரத்தை ஒருபோதும் அடுப்பில் எரிக்கலாகாது.

இனி, நடும் முறையைக் காண்போம். ஆறடிக் காலானால் இரண்டடி மண்ணுள் இறங்கட்டும். குழியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் தேங்காது. மருந்தேறிய காலை அறுக்க நேர்ந்தால், அறுத்த முனை மேலே இருக்கவேண்டும். ஏனெனில் மருந்து எட்டாத உள்மரம் அங்கே வெளிப்பட்டிருக்கும். மண்ணை அரை அடி அரை அடியாக இட்டு, ஒவ்வொரு முறையும் கடப்பாரையின் அடியால் இறுகக் கிட்டியுங்கள். கடைசியில் காலைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்தால், மழைநீர் விலகி ஓடும். தலையைச் சாய்வாகச் சீவிவிட்டால், அங்கும் நீர் தங்காது.

பழைய காலை மாற்றும்போது, குழியிலுள்ள இற்ற துண்டுகளை முற்றிலும் அகற்றுங்கள். அவை கறையானுக்கு இரையாகும். ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்குமுன், ஒவ்வொரு காலின் அடியிலும் மண்ணைச் சற்று விலக்கிக் கத்திமுனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால், அந்தக் காலை அன்றே மாற்றிவிடுங்கள். மாடு புகுந்தபின் மாற்றுவதைவிட அது மலிவு.