தொடைக்குத் தேவை இறக்கம்

மாரத்தானுக்கு மூன்று வாரம் முன்பு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹாமில்டன் துறைமுகத்தைச் சுற்றி ஆண்டுதோறும் மார்ச் மாதக் கடைசியில் 30 கிலோமீட்டர் சாலை ஓட்டம் ஒன்று நடக்கிறது. ‘அரவுண்ட் த பே’ என்று பெயர். 1894-இல் தொடங்கிய இது, 1897-இல் தொடங்கிய பாஸ்டன் மாரத்தானுக்கே மூத்தது. பாஸ்டன் ஓட்டம் ஏப்ரல் மாத மூன்றாம் திங்கட்கிழமை நடப்பதால் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று வாரம் கிடைக்கிறது. பாஸ்டனுக்குப் போகிறவர்கள் பலர் ஹாமில்டனை ஒத்திகையாக வைத்துக்கொள்வதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம். பாதையின் அமைப்பு இன்னொரு காரணம். முதல் பாதி பெரும்பாலும் சமதளம். தொழிற்சாலைப் பகுதியையும் ஏரிக்கரையையும் கடந்து பர்லிங்டன் பக்கம் திரும்பிய பிறகுதான், கால் களைத்த நேரத்தில், வடகரைச் சாலையின் மேடுபள்ளங்கள் வருகின்றன. பாஸ்டனிலும் நியூட்டன் மேடுகள் சுமார் 26-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகே வருகின்றன.

இந்த வழக்கத்துக்கு ஆதாரமாகப் பழைய வரலாற்றைக் காட்டுகிறவர்கள் உண்டு. 1900-ஆம் ஆண்டு பாஸ்டனில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தவர்கள் ஹாமில்டன்காரர்கள். ஹாமில்டனில் வென்ற டாம் லாங்போட் பிறகு பாஸ்டனிலும் வென்றார். ஆனால் அவர் ஹாமில்டனில் வென்றது 1906 அக்டோபரில். பாஸ்டனில் வென்றது 1907 ஏப்ரலில். ஆறு மாத இடைவெளி! அது அவர் திறமைக்குச் சான்றாகலாம், மூன்று வார ஒத்திகைக்கு ஆகாது. ஒத்திகைக்கான சான்றை உடலியலில்தான் தேட வேண்டும். தேடினால் கிடைக்கும் விடை, பலரும் எதிர்பார்ப்பதுபோல் ஏற்றத்தைப் பற்றியது அல்ல.

ஏறுவது மூச்சு, இறங்குவது தசை

மேடான பாதை என்றதும் மூச்சு வாங்குவதுதான் நினைவுக்கு வரும். ஏற்றம் கடினம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கடினம் மேட்டின் உச்சியோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். இறக்கத்தின் பாதிப்பு அடுத்த நாள்களிலும் தொடரும். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை இறுகியபடியே நீள வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் முழங்கால் மடங்கி ஆள் விழுந்துவிடுவார். இப்படி நீண்டபடி இறுகும் வேலைதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்குகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கும்போது தொடை வலிப்பது இதனால்தான். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட அளவீட்டில், 9 பாகைச் சரிவில் இறங்கி ஓடும்போது பாதம் தரையில் மோதும் விசையின் உச்சம் சமதளத்தைவிட 54 சதவீதமும், உடலைத் தடுத்து நிறுத்தும் விசை 73 சதவீதமும் கூடியிருந்தன.

பாஸ்டன் பாதை தொடக்கத்திலிருந்து முடிவு வரை மொத்தத்தில் ஏறக்குறைய 140 மீட்டர் இறங்குகிறது. புகழ்பெற்ற ‘ஹார்ட்பிரேக்’ மேட்டின் உயரமோ 27 மீட்டர்தான். நீளம் சுமார் 600 மீட்டர். இவ்வளவு சிறிய மேடு இத்தனை பேரை நடக்க வைக்கிறது என்றால், அங்கே போய்ச் சேர்வதற்குள் முந்தைய இறக்கங்களில் தொடை அடிபட்டிருப்பதும் ஒரு காரணம். தொடக்கத்துச் சரிவில் உற்சாகமாகப் பாய்ந்தவர், அதற்கான விலையை 32-ஆவது கிலோமீட்டரில் செலுத்துகிறார்.

இங்கேதான் ஒத்திகையின் உண்மையான பயன் வருகிறது. தசைக்கு இறக்கம் ஒருமுறை பழகிவிட்டால் அடுத்த முறை அதே வேலையால் நேரும் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், இறக்கத்தில் அரை மணி நேரம் ஓடியவர்களை மூன்று வாரம் கழித்தும் ஆறு வாரம் கழித்தும் மீண்டும் ஓடவிட்டபோது வலியும், தசைச் சேதத்தைக் காட்டும் இரத்த அளவுகளும் முதல் முறையைவிடக் குறைந்திருந்தன. ஒன்பது வாரம் கழித்து ஓடியவர்களிடம் அந்தப் பாதுகாப்பு காணப்படவில்லை. ஆகவே மூன்று வாரம் என்பது நாட்காட்டி தற்செயலாகத் தந்த இடைவெளியாக இருந்தாலும், தசையின் கணக்குக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

போட்டியா, பயிற்சியா

மறுப்புகளில் வலுவானது இதுதான்: மாரத்தானுக்கு மூன்று வாரம் முன்பு 30 கிலோமீட்டர் பந்தயம் ஓடினால் உடல் தேறுமா? முழு வேகத்தில் ஓடினால், பலருக்குத் தேறாது. கடைசி இரண்டு வாரங்களில் ஓடும் தூரத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்திருப்பதே நல்ல பலன் தருகிறது என்பது 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரியவந்தது. ஓடுபவர்கள் இதை ‘டேப்பர்’ என்பார்கள். ஹாமில்டனில் உயிரைக் கொடுத்து ஓடியவர், தேறுவதற்கே அந்த இரண்டு வாரங்களையும் செலவழித்துவிடுவார். அவருக்கு டேப்பர் என்று மிஞ்சுவது வெறும் ஓய்வுதான். என் கருத்தில், முதல் 10 கிலோமீட்டரைச் சாதாரண நீண்ட ஓட்டத்தின் வேகத்திலும், நடுப்பகுதியை மாரத்தானுக்குத் திட்டமிட்ட வேகத்திலும் ஓடி, மேடுகள் வந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். பதக்கம் எப்படியும் கழுத்தில் விழும்.

கடிகாரத்தை விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்தாலிய ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆற்றல் கணக்கின்படி, 5 சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆகும் செலவு சமதளத்தைவிட 30 சதவீதம்போலக் கூடுகிறது. அதே அளவு இறக்கத்தில் மிச்சமாவது அதைவிடக் குறைவு. எனவே மேட்டில் வேகத்தைப் பிடித்து வைக்க முயல்பவர் நஷ்டத்தில் வியாபாரம் செய்கிறார். மேட்டில் வேகம் இறங்கட்டும், மூச்சின் தாளம் மட்டும் மாறாதிருக்கட்டும். சரிவில் அடியைச் சுருக்கி, பாதத்தை உடலுக்கு அடியிலேயே ஊன்ற வேண்டும். காலை முன்னே எறிந்து குதிகாலால் பிரேக் போட்டால் தடுப்பு விசை முழுவதும் தொடைக்குத்தான் போகும்.

இதைத் தனியாகவே ஓடிப் பார்த்துக்கொள்ளலாமே, கூட்டமும் கட்டணமும் எதற்கு என்பது அடுத்த கேள்வி. தசையைப் பொறுத்தவரை நியாயமான கேள்விதான். பக்கத்தில் மேடு இருந்தால் போதும். ஆனால் அதிகாலை உணவு, கழிப்பறை வரிசை, கூட்டத்தின் இழுப்பு, நீர் மேசையில் நிற்காமல் குடிப்பது ஆகியவற்றைத் தனி ஓட்டத்தில் பழக முடியாது. குடிப்பது சின்ன விஷயம் இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் குடித்ததே அதற்கு முதன்மைக் காரணம். தாகம் எடுக்கும்போது குடிப்பதைப் பழக ஒத்திகை நாள் பொருத்தமானது.

சிகாகோ போன்ற தட்டைப் பாதை மாரத்தானுக்குப் போகிறவருக்கு இதனால் பயன் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்குச் சமதள நீண்ட ஓட்டங்களே பொருத்தம். வெயிலுக்கும் இது ஒத்திகை ஆகாது. மார்ச் மாத ஹாமில்டன் குளிராகத்தான் இருக்கும். பாஸ்டனிலோ 2012-இல் வெப்பம் 30 பாகை செல்சியஸை எட்டியது.

யாருக்கு வேண்டாம்

இதுவரை 25 கிலோமீட்டரைக்கூடத் தொடாதவருக்கும், மேடே பார்க்காமல் பயிற்சி செய்தவருக்கும் மூன்று வாரம் முன்பு திடீரென்று இது வேண்டாம். அவர்கள் இரண்டு மாதம் முன்பிருந்தே சிறிய சரிவுகளில் தொடங்கியிருக்க வேண்டும். முழங்கால், கெண்டைக்கால், குதிகால் தசைநாண் இவற்றில் ஒரே இடத்தில் குத்தும் வலி இருப்பவரும், நெஞ்சு அழுத்தமோ மயக்கமோ வந்தவரும் மருத்துவரைப் பார்த்த பிறகே காலணி கட்ட வேண்டும். கட்டிய பணம் போகிறதே என்று ஓடக் கூடாது. ஓடி முடித்த பிறகு இரண்டு மூன்று நாள் தொடை வலிப்பது இயல்பு. ஒரு வாரமாகியும் நடை சாய்ந்தே இருந்தால் மாரத்தான் திட்டத்தை மாற்ற வேண்டும். சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலோ, தசை வீங்கித் தாங்க முடியாமல் வலித்தாலோ, உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதுவரை வலி மாத்திரை விழுங்கக் கூடாது.