புது லேப்டாப் அடிக்கடி கிராஷ் ஆகிறதா? பார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

சென்ற ஆண்டு என் தங்கையின் கல்லூரி புராஜக்ட் வேலைக்காக ஒரு லேப்டாப் வாங்கினோம். அதில் 8 ஜிபி ராம் இருந்தது. "இன்னொரு 8 ஜிபி போட்டுக்கோங்க சார், வேகமா இருக்கும்" என்றார் கடைக்காரர். சரி என்று அங்கேயே போட்டு வாங்கி வந்தோம். மூன்றாம் நாள், "அண்ணா, ஸ்கிரீன் நீலமாகி தானாவே ரீஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றாள் தங்கை. மறுநாள் இரண்டு முறை அப்படியே ஆனது.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் சாப்ட்வேர் மீதுதான் சந்தேகம் வரும். ஹார்ட் டிஸ்கை பார்மட் செய்து விண்டோஸை மீண்டும் பதிந்தேன். ஒரு நாள் ஒழுங்காக ஓடியது, மீண்டும் கிராஷ். மறுபடியும் பதிந்தேன். இப்படியே ஒன்பது நாட்கள் ஓடிவிட்டன. அதன் பிறகுதான் பில்லைத் திருப்பிப் பார்த்தேன். ஏழு நாட்களுக்குள் கொண்டு வந்தால் மட்டுமே லேப்டாப்பை மாற்றித் தருவார்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது!

நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

நீலத் திரை ஏன் வருகிறது?

பலரும் இதை வைரஸ் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். தொடர்ந்து இயங்கினால் தகவல்கள் கெட்டுவிடும் என்ற நிலை வரும்போது, விண்டோஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அப்போது காட்டும் அறிவிப்புதான் இந்தத் திரை. விண்டோஸ் 11ல் 2025ஆம் ஆண்டு வந்த அப்டேட்டுக்குப் பிறகு இது நீல நிறத்துக்குப் பதிலாகக் கறுப்பு நிறத்தில் வருகிறது. நிறம் மாறினாலும் செய்தி ஒன்றுதான்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, டிரைவர் போன்ற, சிஸ்டத்தின் அடித்தளத்தில் இயங்கும் சாப்ட்வேர். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேருக்கு வந்த பிழையான ஒரு அப்டேட், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை ஒரே நாளில் முடக்கியது நினைவிருக்கலாம். இன்னொன்று, ராம், எஸ்எஸ்டி போன்ற ஹார்ட்வேர். புதிய லேப்டாப் என்பதால் ஹார்ட்வேர் கெட்டிருக்காது என்று நினைக்காதீர்கள். புதிதாக வரும் ராமிலும் பழுது இருக்கலாம்.

முதல் வேலை: குறித்துக்கொள்ளுங்கள்

திரையின் கீழ்ப்பகுதியில் "ஸ்டாப் கோட்" என்று ஒரு வரி இருக்கும். சில சமயம் அதனுடன் "வாட் பெயில்டு" என்று ஒரு பைலின் பெயரும் வரும். செல்போனில் உடனே படம் எடுத்துவிடுங்கள். அதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிட்டதா? கவலை வேண்டாம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்ற வரி கிடைக்கும். அதை கிளிக் செய்தால் நாள்வாரியாக ஒரு வரைபடம் திறக்கும். பெரிய கோளாறு ஏற்பட்ட நாட்களில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அந்த நாளை கிளிக் செய்தால், என்ன நின்றது, அன்று எந்த அப்டேட் அல்லது டிரைவர் பதியப்பட்டது என்ற விவரங்கள் கீழே வரும்.

இனி நீங்கள் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1. ஒவ்வொரு முறையும் அதே ஸ்டாப் கோட், அதே பைல் பெயர் என்றால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு.

2. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஸ்டாப் கோட், வெவ்வேறு வேலை செய்யும்போது கிராஷ் என்றால் ராம் மீது சந்தேகப்படலாம். தங்கையின் லேப்டாப்பில் நான்கு முறை நான்கு வித கோட் வந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

3. எந்தத் திரையும் வராமல் பட்டென்று அணைந்துவிட்டால் சூடு அல்லது மின்சாரம் தொடர்பான பிரச்னையாக இருக்கலாம். லேப்டாப்பை மெத்தை மீது வைத்தால் காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். மேஜை மீது வைத்து ஓட்டிப் பாருங்கள்.

டிரைவர் என்றால்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறவுங்கள். சந்தேகப்படும் சாதனத்தில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் சென்று, டிரைவர் டேபில் "ரோல் பேக் டிரைவர்" என்பதை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்ப வரும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் இல்லை என்று பொருள். அப்போது லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை மட்டும் இறக்கிப் பதியுங்கள்.

ராம் என்றால்

திறந்துள்ள பைல்களை முதலில் சேவ் செய்துவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் மெமரி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து "விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்" என்பதைத் திறந்து, உடனே ரீஸ்டார்ட் செய்யும் முதல் வரியைத் தேர்ந்தெடுங்கள். சோதனை தொடங்கியதும் எப்1 கீயை அழுத்தி "எக்ஸ்டெண்டட்" என்று மாற்றினால் ஆழமாகச் சோதிக்கும். பல மணி நேரம் ஆகலாம் என்பதால் சார்ஜரை இணைத்து இரவில் ஓட விடுங்கள். பிழை எதுவும் இல்லை என்று வந்தாலும் ராம் நூறு சதவீதம் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் பிழை இருப்பதாக வந்தால் இனி பார்மட் செய்து பயனில்லை. முடிவைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். வாரண்டி பாதிக்கப்படலாம் என்பதால் நீங்களே லேப்டாப்பைத் திறக்க வேண்டாம்.

ஒன்பதாம் நாள் இரவு நான் இந்தச் சோதனையை ஓட்டினேன். சில நிமிடங்களிலேயே பிழை காட்டியது. கடையில் கூடுதலாகப் போட்ட ராமைக் கழற்றியதும் லேப்டாப் ஒழுங்காக ஓடியது. லேப்டாப்பை மாற்றும் நாட்கள் முடிந்துவிட்டதால் ராமை மட்டும் வாரண்டியில் மாற்றித் தந்தார்கள். பழுது அதில்தான் என்பதால் தப்பித்தோம். லேப்டாப்புடன் வந்த ராமிலோ மதர்போர்டிலோ இருந்திருந்தால் சர்வீஸ் சென்டருக்கு அலைந்திருப்போம்.

பைல்கள் ஜாக்கிரதை!

பழுதான ராம் உள்ள கம்ப்யூட்டரில் சேவ் செய்யும் பைலும் கெட்டுப்போகலாம். தங்கையின் புராஜக்ட் ரிப்போர்ட் ஒரு நாள் திறக்கவே மறுத்தது. பென் டிரைவில் இருந்த பிரதியும் திறக்கவில்லை. கெட்ட பைலையே பழைய பிரதியின் மேல் காப்பி செய்திருந்தாள். நான்கு நாள் முன்பு அவள் தோழிக்கு மெயிலில் அனுப்பிய பிரதிதான் கைகொடுத்தது. நான்கு நாள் வேலையை மீண்டும் செய்தாள். எனவே பேக்கப் எடுக்கும்போது பழையதை அழிக்காமல், தேதியைப் பெயராக வைத்துத் தனித்தனி போல்டரில் வையுங்கள்.

புது லேப்டாப் வீட்டுக்கு வந்த அன்றே பில்லின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். மெமரி சோதனையையும் முதல் இரவே ஓட்டிவிடுங்கள். பழுது இருந்தால் மாற்றித் தரும் நாட்களுக்குள்ளேயே தெரிந்துவிடும்.