ஜரை என்னும் பழஞ்சொல்

திருக்கடவூர் அமிர்தகடேசுவரர் ஆலயத்தில் மாலை மாற்றிக்கொள்ளும் முதிய தம்பதியரைக் காணாத நாளில்லை. அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைக் கடந்தால் சதாபிஷேகம் என முதுமையைப் படிப்படியாக எண்ணி, ஒவ்வொரு படியிலும் நின்று இறைவனை வணங்கிச் செல்வது நம் மரபு. அதே பெரியோர், மருத்துவமனையில் 'ஜெரியாட்ரிக்ஸ்' என்று எழுதிய அறையின் முன் அமர்த்தப்பட்டால் மட்டும் முகம் வாடுகின்றனர். பிள்ளைகள் கைகழுவ வழி தேடுகிறார்களோ என்ற ஐயம் எழுகிறது. 'முதியோர் மருத்துவம்' என்று தமிழில் எழுதியிருந்தாலும், பலர் காதில் அது 'முதியோர் இல்லம்' என்றே விழுகிறது.

அச்சொல்லோ நமக்கு அந்நியமானதன்று. கிரேக்க மொழியில் 'கெராஸ்' என்றால் முதுமை. 'இயாட்ரோஸ்' என்றால் மருத்துவர். இவ்விரண்டும் சேர்ந்ததே ஜெரியாட்ரிக்ஸ். அந்தக் 'கெராஸ்' என்பதும், புராணம் கேட்டோர் நன்கறிந்த 'ஜரா' என்னும் வடசொல்லும் ஒரே தொல்மொழி வேரில் கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு. ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கியது என்பதன்று, இரண்டும் உடன்பிறந்தவை. வாக்படர் அஷ்டாங்க ஹிருதயத்தில் ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களைச் சொல்லுமிடத்து, அவற்றுள் ஒன்றை 'ஜரா' என்றே குறிப்பிடுகிறார். சரகரும் சுசுருதரும் ரசாயனம் என்று வழங்கும் பிரிவும் அதுவே.

ஜரை என்றதும் யயாதியின் கதை நினைவுக்கு வரும். சுக்கிராசாரியாரின் சாபத்தால் மன்னனை மூப்பு பற்றிக்கொண்டது. அதை ஏற்றுக்கொண்டு இளமையைத் தருமாறு அவன் மைந்தர் ஒவ்வொருவரிடமும் வேண்டினான். யது, துர்வசு, திருஹ்யு, அனு ஆகிய நால்வரும் மறுத்தனர். இளையவனான பூரு மட்டும் தந்தையின் மூப்பைத் தன் உடலில் தாங்கினான். அரசுரிமை பூருவுக்குக் கிட்டியது. ஆயினும் மறுத்த யதுவின் குலத்தில்தான் பின்னாளில் கண்ணன் அவதரித்தான் என்பதையும் மறப்பதற்கில்லை. முதுமையை மாற்றிக்கொள்ளும் வரம் இன்று எவருக்கும் இல்லை. மருத்துவமும் அவ்வாறு வாக்களிப்பதில்லை. முதுமை வேறு, முதுமையில் வரும் நோய் வேறு என்று பிரித்துக் காண்பதே அதன் பணி.

இந்தப் பிரிவு உணரப்பட்டது ஒரு கேள்வியிலிருந்து என்பர். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இக்னாட்ஸ் நாஷர், மாணவராயிருந்தபோது ஆதரவற்றோர் விடுதியொன்றைப் பார்வையிடச் சென்றார். அங்கே மூதாட்டி ஒருத்தி தன் வலியைச் சொல்லி அழுதாள். உடன் வந்த ஆசிரியர், 'முதுமைதான். செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று நகர்ந்துவிட்டாராம். அவ்விடை மாணவரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. குழந்தைகளுக்கென்று தனி மருத்துவம் இருக்கும்போது முதியோர்க்கு ஏன் இல்லை என்று எண்ணியவர், 1909-ஆம் ஆண்டு 'ஜெரியாட்ரிக்ஸ்' என்ற சொல்லைப் படைத்தார். அன்று அந்த ஆசிரியர் சொன்ன விடையை நம் இல்லங்களில் இன்றும் கேட்கலாம்: 'வயசானால் அப்படித்தான்.'

இவ்வொரு வாக்கியம் விளைக்கும் தீங்கு சிறிதன்று. ஒரு வீட்டில், அன்றாடம் தவறாமல் விளக்கேற்றும் பாட்டி திடீரென்று கிழமையை மறக்கிறார். மாண்டுபோன தமக்கையைக் கூப்பிடுகிறார். 'நினைவு தப்பிவிட்டது, வயது' என்று வீட்டார் இருந்துவிடுகின்றனர். ஓரிரு நாளில் வந்த தடுமாற்றம் பெரும்பாலும் மறதி நோயன்று. சிறுநீர்த் தொற்றோ, உடலில் உப்புச்சத்துக் குறைவோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ அதற்குக் காரணமாயிருக்கலாம். தக்க நேரத்தில் கண்டால் தீரக்கூடியது. முதுமையில் நோய்கள் மாறுவேடமிட்டு வருகின்றன. மாரடைப்பு நெஞ்சுவலியின்றி வெறும் மூச்சிரைப்பாகவும் சோர்வாகவும் வரலாம். நுரையீரல் அழற்சி காய்ச்சலே இல்லாமல் வரலாம். இவ்வேடங்களை அறியப் பயின்றவரே முதியோர் மருத்துவர்.

ஆலயத்திற்குச் செல்லும் பெரியோர் அவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. நமஸ்கரித்து எழும்போது கண் இருண்டு தள்ளாடுவது, எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்வதால் இருக்கலாம். மாத்திரையின் அளவை மாற்றினாலே சரியாகிவிடுவதும் உண்டு. பிரகாரத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்ததை, 'அடி ஒன்றும் இல்லை' என்று மறைத்தல் ஆகாது. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழக்கூடும். இடுப்பெலும்பு முறிந்தால் மீள்வது அரிது. ஏகாதசி விரதமும் அவ்வாறே. உண்ணாதிருந்து, சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளை மட்டும் விழுங்கினால் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடும். எட்டு வயது முதல் எண்பது வரை உள்ளோர்க்கே ஏகாதசி உபவாசம் கடமை என்று சாத்திரமே எல்லை வகுத்திருப்பதை, பிடிவாதமுள்ள தாத்தாக்களுக்கு நினைவூட்டுதல் தகும்.

இத்துறைக்குத் தமிழகத்தில் நல்ல வரலாறு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டிலேயே முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வ.செ. நடராசன். அப்போது இந்தியாவில் இத்துறையின் பெயரையே அறிந்தோர் சிலர். 2012-ஆம் ஆண்டு அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகள் கொண்டது.

அங்கோ, அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ செல்கையில், வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையிலிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். மூன்று மருத்துவர்கள் தனித்தனியே எழுதிய மாத்திரைகளுள் ஒரே மருந்து இரு பெயர்களில் இருப்பது அரிதன்று. பூஜையறை மாடத்தில் இருக்கும் லேகியமும் சூரணமும் அந்தப் பையில் சேர வேண்டியவையே.